மூடி போட்ட பிறகு எடுத்த படங்கள்

“கேமராவுக்கு மூடி போட்டிருக்கான்னு நல்லாப் பாத்தியா?”

“மூணு வாட்டி பாத்துட்டேன், ரமீரோ.”

“அப்ப இது என்ன, நீ ஆராய்ச்சி பண்ற கருந்துளை கண்ணடிக்குதா?” என்றார் தொலைநோக்கியை இயக்கும் ரமீரோ.

திரையின் நடுவில் மங்கலாக ஒரு திட்டு. நியூ மெக்ஸிகோ மலையுச்சி வானாய்வகத்தில் மதியம் மூன்று மணி. இரவில் எடுத்த கேலக்ஸிப் படங்களிலிருந்து கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க, ஆய்வு மாணவி இங்க்ரிட் மூடி போட்டபடியே பத்து இருட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றில் எதுவுமே தெரியக் கூடாது.

“நேத்து கேலக்ஸி நடுவையே பாத்துக்கிட்டிருந்தோமில்ல, அந்த வெளிச்சம் தங்கியிருக்கும்” என்றாள்.

அகச்சிவப்பு கேமரா பார்த்ததை உடனே மறக்காது. ஆனால் படத்துக்குப் படம் மங்கும். இது வளர்ந்தது. ஐந்தாவது படத்தில் தோள்கள் தெரிந்தன.

இடது தோள் சற்று இறங்கியிருந்தது. கோல்பிக்கு இருந்ததைப் போல.

கேமராவைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் மேலே சின்ன அறையில் இருக்கிறது. கசிந்தால் வாசனைகூட வராது, மூச்சு மட்டும் நின்றுபோகும். அதற்கென்று ஓர் அலாரம். சும்மாச் சும்மா கத்துகிறதென்று அதன் பிளக்கைப் பிடுங்கியவள் இங்க்ரிட். மூன்று வாரத்துக்கு முன் நைட்ரஜன் நிரப்பப் போன சக மாணவன் கோல்பி திரும்பவில்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. பிளக் இன்னும் அலமாரிக்குப் பின்னால் தொங்குகிறது.

“மூடிய நானே மேல போய்ப் பாத்துட்டு, நைட்ரஜனையும் நிரப்பிட்டு வரேன். பர்ரிட்டோ ஆறுது பொண்ணே, சாப்பிடு.”

“ரமீரோ…”

“என்ன?”

ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

“ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க.”

இரும்புப் படிகளில் அவருடைய பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றாக ஏறி, கதவு கிறீச்சிட்டு மூடிக்கொள்ள, குழாய்க்குள் நைட்ரஜன் இறங்கும் மெல்லிய நீண்ட சீறல், யாரோ பல்லிடுக்கில் மூச்சு இழுப்பதுபோல, சுவர் வழியே அவள் காதுவரை வந்தது.

ஏழாவது படம். உருவம் திரும்பியிருந்தது. யாரோ உள்ளே வருவதைப் பார்ப்பதுபோல.

எட்டாவது. கை நீட்டியிருந்தது.

இண்டர்காம் பொத்தானில் விரல் வைத்தாள். அழுத்தவில்லை.

மேலே ஏதோ கனமாக விழுந்தது.

ஒன்பதாவது.

இரண்டு உருவங்கள். அருகருகே. இரண்டும் அவளைப் பார்த்தபடி.

பத்தாவது படம் தானாகவே ஓடத் தொடங்கியது. நீங்களாக இருந்தால் உட்கார்ந்து அதைப் பார்ப்பீர்களா, இல்லை இப்போதாவது படியேறி ஓடுவீர்களா?