நுரைக்கோட்டின் மீது மரகதவல்லி

“புள்ளைகளா, எல்லாரும் மேல வாங்க! வகுப்பு பெறவு பாத்துக்கலாம்!”

கேப்டன் ஜெனோவாவின் குரல் ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. காலைப் பாடத்துக்காக உட்கார்ந்திருந்த மாணவர்கள் புத்தகங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஏணியில் தடதடவென்று ஏறித் தளத்துக்கு ஓடினார்கள்.

மூன்று பாய்மரங்கள் கொண்ட ‘மரகதவல்லி’ லட்சத்தீவுக் கடலில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது சரக்குக் கப்பலும் அல்ல, உல்லாசக் கப்பலும் அல்ல. பிளஸ் டூ முடித்த கையோடு கல்லூரிக்குப் போகாமல், ஓராண்டு கடலிலேயே தங்கிப் படிக்க வந்த இருபத்துச் சொச்சம் பேரைச் சுமந்து செல்லும் மிதக்கும் பள்ளிக்கூடம். காலையில் கடலியல், வானிலை, கணிதம். மதியத்துக்கு மேல் பாய் இழுப்பது, தளம் கழுவுவது, சுக்கான் பிடிப்பது.

கேப்டன் தூத்துக்குடிப் பெண்மணி. எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டார்.

“தேங்காப்பட்டணத்துலேர்ந்து மீன்தொழிலுக்குப் போன படகு ஒண்ணக் காணல. நாலு பேரு. நேத்து மத்தியானம் பக்கத்துப் படகுக்கு ரேடியோவுல பேசியிருக்காங்க. ‘இன்ஜின் நின்னு போச்சு, தண்ணி உள்ள ஏறுது’ன்னு சொல்லியிருக்காங்க. அதோட சத்தம் நின்னு போச்சு. விமானம், கப்பல் எல்லாம் தேடுது. ஆனா இன்னைக்குச் சாயங்காலம் புயல் மழை வரும்னு எச்சரிக்கை வந்திருக்கு. நாமளும் தேடப் போறோம். கேள்வி என்னன்னா, எங்க தேட?”

நான்கு பக்கமும் கடல். கண்ணுக்கு எட்டிய வரை கடல். அதில் எங்கே என்று கை காட்டுவது?

“காத்து கிழக்கால அடிக்குது கேப்டன். படகும் கிழக்கதானே போயிருக்கும்?” என்றான் சுகைல். காயல்பட்டினத்துப் பையன். காற்றின் திசையைக் கன்னத்தாலேயே சொல்லிவிடுவான்.

“அப்படித்தான் எல்லாரும் கிழக்கயும் வடக்கயும் தேடுறாங்க.”

சங்கமித்ரா மட்டும் தளத்திலிருந்த வரைபட மேசை மீது குனிந்திருந்தாள். பென்னாகரத்துப் பெண். கப்பலேறும் வரை அவள் பார்த்திருந்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல் அருவிதான். அவளுக்கும் சுகைலுக்கும் நீரோட்டத்தை அளக்கும் பாடவேலை தரப்பட்டிருந்தது. மூங்கிலும் சிவப்புத் துணியும் வைத்து மிதவைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் இருப்பிடம் காட்டும் சிறு கருவியைப் பொருத்தி, வெவ்வேறு இடங்களில் கடலில் விட்டிருந்தார்கள்.

“சுகைல், இங்க பாருடா!” “நம்ம மூங்கிலெல்லாம் கிழக்க போகவே இல்ல. தூர தூரமா விட்டோம். இப்ப எல்லாம் தெக்க வந்து ஒரே கோட்டுல நிக்குது!”

“அது தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குற மூங்கில். காத்து புடிக்காது. படகு அப்படியா?”

“தண்ணி ஏறுன படகு?”

சுகைலும் வரைபடத்தின் மீது குனிந்தான். சங்கமித்ரா கேப்டன் பக்கம் திரும்பினாள்.

“மேடம், பாதி முழுகியிருந்தா காத்து அதத் தள்ளாது. ஓட்டம்தான் இழுத்துட்டுப் போவும். எங்க மூங்கில் எங்க இருக்குதோ, அங்கதான் அவங்களும் இருக்கணும்!”

கேப்டன் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தேடுதல் மையத்துடன் ரேடியோவில் பேசினார். தெற்குப் பக்கம் இதுவரை யாரும் போகவில்லை; நீங்கள் போங்கள் என்று பதில் வந்தது.

“பாயை விரிங்க!”

கயிறுகள் விறைத்தன! பாய்கள் படபடத்து விரிந்து காற்றை வாங்கின. மரகதவல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலைகளைக் கிழித்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது.

உயரத்திலிருந்து பார்க்க ஆள் வேண்டும். “நான் ஏறுறேன்” என்றாள் சங்கமித்ரா. இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு, நடுப் பாய்மரத்தின் கயிற்றேணியில் கால் வைத்தாள். கப்பல் ஆட ஆட ஏணியும் ஆடியது. கீழே பார்த்தால் ஒரு நேரம் தளம், ஒரு நேரம் வெறும் கடல். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். உச்சியிலிருந்த காவல் மேடையை அடைந்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

அதை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்தாள்.

கடல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது! இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கம் மை போன்ற கருநீலம். இரண்டு நீரும் கலக்கவில்லை. நடுவே வெள்ளை நுரைக்கோடு ஒன்று, வளைந்து வளைந்து, தொடுவானம் வரை போயிற்று. இரண்டு நீரோட்டங்கள் மோதும் இடம். பாடத்தில் அம்புக்குறியாகப் பார்த்ததுதான். ஆனால் அம்புக்குறிக்கு இந்தப் பிரம்மாண்டம் இல்லையே!

அந்தக் கோட்டின் மேல் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செங்குத்தாய் விழுந்து மீன்களைக் கொத்தின. சூரை மீன்கள் வெள்ளிக்கட்டிகளாகத் துள்ளின. பறக்கும் மீன்கள் விசிறிபோல் சிதறின. எந்தெந்தத் தீவிலிருந்தோ வந்த தேங்காய்கள், மரக்கிளைகள், கடற்பாசி, பிளாஸ்டிக் புட்டிகள், அறுந்த வலைத்துண்டுகள்! கடல் தன்னிடம் மிதப்பவை எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி இந்த ஒரு கோட்டில் சேர்த்து வைத்திருந்தது.

அவற்றுக்கு நடுவே, சிவப்புத் துணி கட்டிய ஒரு மூங்கில்!

“சுகைல்! நம்ம மிதவை!” என்று கத்தினாள். “கோடு வழியாவே போகச் சொல்லு!”

கப்பல் நுரைக்கோட்டை ஒட்டியே போனது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. மேற்கே கருமேகம் எழும்பத் தொடங்கியது. சங்கமித்ராவின் கண்கள் எரிந்தன. தேங்காய், மரக்கிளை, மீண்டும் தேங்காய்... அப்புறம், ஒரு நீலம். கடலின் நீலம் இல்லை. பெயின்ட் நீலம்!

“படகு! கவுந்த படகு! மேல ஆள் இருக்காங்க!”

தளத்தில் எழுந்த கூச்சல் பாய்மரத்தின் உச்சி வரை கேட்டது.

கப்பலின் துணை அதிகாரி மார்த்தாண்டன் ரப்பர் படகை இறக்கினார். சுகைல் கயிற்றோடு அதில் குதித்தான். “கோடு எப்படி வளையுதுன்னு மேலேர்ந்து பாத்தவ நீதான், நீயும் வா” என்று, இறங்கி வந்த சங்கமித்ராவையும் ஏற்றிக்கொண்டார் அவர்.

கவிழ்ந்து கிடந்த படகின் முதுகில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உதடுகள் வெடித்து, தோல் உப்பேறி வெளுத்திருந்தது. ஒவ்வொருவராக ரப்பர் படகுக்கு இழுத்தார்கள். மூத்தவர் ததேயுஸ், சுகைல் நீட்டிய தண்ணீரைத் தட்டிவிட்டார்.

“எனக்க தம்பி! பெனடிக்ட்! காலம்பற ஒரு அலை வந்து அவன அடிச்சிட்டுப் போச்சு. மஞ்ச கேன் ஒண்ணக் கெட்டிப் பிடிச்சிருந்தான். கண்ணு முன்னால போனான் மக்களே, கண்ணு முன்னால...”

வாக்கிடாக்கியில் கேப்டனின் குரல் கேட்டது. “மார்த்தாண்டன், மழை நெருங்குது. உடனே திரும்பி வாங்க.”

சங்கமித்ரா கருவியை வாங்கினாள். “மேடம், அவரும் இந்தக் கோட்டுலதான் இருப்பாரு. கோட்ட விட்டு எதுவும் வெளிய போகல. இன்னும் கொஞ்ச தூரம் மட்டும்!”

வாக்கிடாக்கி கரகரத்தது. இருபத்துச் சொச்சம் பிள்ளைகளின் உயிரும் அந்தக் கேப்டன் கையில்தானே இருக்கிறது!

“முதல்ல இந்த மூணு பேரையும் கப்பல்ல ஏத்து. பெறவு போ. மேகம் சூரியன மறைக்கிற வரைக்கும்தான் நேரம். மறைச்சா, ஆள் கெடச்சாலும் கெடைக்காட்டியும் திரும்பிரணும். சம்மதமா?”

“சம்மதம்!”

மற்ற இருவரும் கப்பலேறினார்கள். ததேயுஸ் மட்டும் ரப்பர் படகை விட்டு அசையவில்லை. இழுத்துப் பார்த்தும் பயனில்லை. அவரோடேயே கிளம்பினார்கள்.

படகு நுரைக்கோட்டில் சீறிப் பாய்ந்தது. சங்கமித்ரா கை காட்டிய பக்கமெல்லாம் மார்த்தாண்டன் வளைத்தார். மேகத்தின் விளிம்பு சூரியனைத் தொட்டது.

திடீரென்று இன்ஜினை அணைத்துவிட்டார் மார்த்தாண்டன்.

“ஏன் சார் நிறுத்திட்டிய?” என்று அலறினான் சுகைல்.

“அசையாதே. கீழ பாரு.”

கருநீல ஆழத்திலிருந்து வெளிர்நீலமாய் ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் அது வெளிச்சம் என்று நினைத்தாள் சங்கமித்ரா. பிறகு அது ஒரு முதுகு என்று தெரிந்தது. முடியாத முதுகு! படகுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. நீலத்திமிங்கலம்!

சற்றுத் தள்ளி அது மேலெழுந்து மூச்சு விட்டது. வெள்ளைத்தூண் ஒன்று வானத்துக்குப் பீறிட்டது. அந்தத் தூறல் நால்வர் முகத்திலும் விழுந்தது. கன்னங்கரேலென்று வருகிற புயலைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. மெல்ல வளைந்து, மெல்ல அமிழ்ந்தது. கடல் அதன்மேல் மூடிக்கொண்டது.

பறவைகள்கூட அடங்கியதுபோல் இருந்தது. அத்தனை அமைதி.

அந்த அமைதியில்தான் அது கேட்டது.

டொக். டொக்... டொக்.

“கேன்!” என்று ததேயுஸ் எழுந்துவிட்டார். “கேனுல தட்டுகான்! எனக்க தம்பி!”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் காதில் விழுந்தே இருக்காது. இடப்பக்கம், கடற்பாசித் திட்டு ஒன்றின் நடுவே, பாசியோடு பாசியாக ஒரு தலை. அதன் பக்கத்தில் மங்கிய மஞ்சள். சுகைல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு யோசிக்காமல் குதித்தான். நாலு வீச்சில் போய், பெனடிக்டைக் கட்டிப்பிடித்தான். சங்கமித்ராவும் ததேயுஸும் கயிற்றை இழுத்தார்கள். உள்ளங்கை எரிந்தது, விடவில்லை.

பெனடிக்ட் படகுக்குள் வந்து விழுந்தான். கேனைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்போது சூரியன் மறைந்தது.

மரகதவல்லியின் பக்கவாட்டில் அவர்களைத் தூக்கி ஏற்றிய அதே நேரத்தில் மழை வந்து அறைந்தது. பாய்கள் சுருட்டப்பட்டன. கப்பல் விடியும் வரை குலுங்கிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தது. ஆனால் அதற்குள் இருந்த ஒவ்வொருவரும் பத்திரமாக இருந்தார்கள்.

வானம் வெளுத்த பிறகு, போர்வை போர்த்தியபடி பெனடிக்ட் வரைபட மேசைக்கு வந்தான்.

“பிள்ளே, இதுல நான் எங்க கெடந்தேன்?”

சங்கமித்ரா பென்சில் முனையால் ஓர் இடத்தைத் தொட்டாள். அவன் அந்தப் புள்ளியைப் பார்த்தான். பிறகு அதைச் சுற்றி விரிந்த நீலம் முழுவதையும் பார்த்தான்.

“இம்புட்டுப் பெரிசுலயா?” என்றான். “இம்புட்டுப் பெரிசுல என்னைய எப்படிக் கண்டு பிடிச்சிய?”

“நாங்க தேடல அண்ணா. கடல் உங்கள எங்க கொண்டு போவும்னு அத மட்டும்தான் கேட்டோம்.”

அவள் தலை குனிந்துதான் அதைச் சொன்னாள். திமிங்கலம் அந்த நேரத்தில் எழும்பாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவர்களுடைய கணக்கு அந்தக் கோடு வரைதான் கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் கொடுத்தது கடல்.

கன்னியாகுமரிக் கரை தெரிந்தபோது எதிரே படகுகள் கிளம்பி வந்தன. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாத அளவு! கொடி கட்டிய படகுகள், ஹாரன் அடிக்கும் படகுகள். மரகதவல்லியின் இருபுறமும் சூழ்ந்துகொண்டு துறைமுகம் வரை அழைத்துப் போயின. கரையில் மாதா கோவில் மணி நிற்காமல் அடித்தது. பெனடிக்டின் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அழவில்லை. அவன் முகத்தை, காதை, தோளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“நீங்க எந்தக் காலேஜு மக்களே?” என்று கேட்டார் ததேயுஸ்.

“இன்னும் எதுலயும் சேரல” என்றான் சுகைல்.

கூட்டம் சிரித்தது. சுகைல், சங்கமித்ரா இருவர் கழுத்திலும் யாரோ மாலை போட்டார்கள். அந்தக் களேபரத்தில் கேப்டன் ஜெனோவா வந்து, “நாளைக்குக் காலைல வழக்கம்போல வகுப்பு உண்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மரகதவல்லி மீண்டும் தெற்கே திரும்பியது. மற்றவர்கள் எழுவதற்கு முன்பே இருவர் பின்தளத்தில் உட்கார்ந்து, புது மூங்கில்களுக்குச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.