ஒரு துளி ஈயம்

காலையிலிருந்து மூன்று முறை வடித்தாகிவிட்டது. நான்காம் முறை எடுத்து அசைத்தபோதும் கார்புரேட்டரின் வயிற்றுக்குள் பெட்ரோல் தளும்பியது.

ஆர்செனியோ அதை மேசைமேல் வைத்துவிட்டு, யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. பட்டறை என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஹவானாவின் லுயானோ பகுதியில், ஒரு பழைய வீட்டின் முன்னறை. சோபா இருக்க வேண்டிய இடத்தில் வேலை மேசை, அலமாரியில் கண்ணாடிப் பாத்திரங்களுக்குப் பதிலாக ஜெட்டுகளும் ஸ்பிரிங்குகளும். மனைவி விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மற்ற காரணங்கள் எல்லாம் அவரேதான்.

கார்புரேட்டரோடு குழாய் எதுவும் இணைந்திருக்கவில்லை. டாங்க் இல்லை, பம்ப் இல்லை. உடம்பிலிருந்து கழற்றி வைத்த தொண்டைபோல் அது தனியாக நின்றது. வடித்த பெட்ரோலை ஒவ்வொரு முறையும் ஒரு காலி ரம் பாட்டிலில் ஊற்றியிருந்தார். இப்போது அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அடிவரை உலர்ந்திருந்தது.

அதைக் கொண்டுவந்தவன் யோவாந்திரி. செத்துப்போன சிநேகிதன் ஃபெர்மினின் மகன், இருபத்துநாலு வயது. ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தி நின்றவர் ஆர்செனியோதான். அதனால் அவனுக்கு அவர் 'பாத்ரினோ', ஞானத்தகப்பன். அப்பாவைப்போலவே அவனும் வாடகைக்கு ஓட்ட ஓர் ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஷெவர்லேயைத் தேற்றிவிட்டான். கார்புரேட்டர் மட்டும்தான் பாக்கி. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தான்.

"பாத்ரினோ, இது என் வண்டிக்குச் சேருமா பாருங்க. கம்பெனித் தகடு இல்ல. நம்பரும் தேஞ்சு போச்சு."

"எங்கடா புடிச்ச?"

"வியா பிளாங்கா ரோட்டோரமா ஒரு ஆளு வெச்சிட்டு நின்னாரு. காசு வேணாம்னுட்டாரு. ஆர்செனியோகிட்டக் குடு, அவருக்கு இதைத் தெரியும்னாரு."

"பாத்தியா, என் புகழ் ரோட்டோரம் வரைக்கும் வந்துருச்சு. வீட்டுக்குள்ளதான் வரல."

"பாவம், உடம்பு சரியில்லாத ஆளுபோல. இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரேன். நாளைக்கு மொத சவாரி. வண்டியைப் பாக்காம அனுப்ப மாட்டேங்கிறாங்க."

கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரை அடையாளம் சொல்லுவார் என்று ஆர்செனியோவுக்குப் பெயர் உண்டு. கனம் எவ்வளவு, மூடியில் எத்தனை திருகு, தொண்டைக்குள் விரல் எவ்வளவு தூரம் போகிறது, இவ்வளவு தெரிந்தால் போதும், வண்டி, வருஷம் இரண்டையும் சொல்லிவிடுவார். இதற்கு விரல்கூடத் தேவைப்படவில்லை. கையில் வாங்கியபோதே உள்ளங்கை சொல்லிவிட்டது. காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். அதில் அவருக்குப் பதினொரு வருஷப் பழக்கம்.

முதல் முறை வடிப்பதற்காகத் திறந்தபோது மூடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. இப்போது திருப்பினார்.

உட்பக்கத்தில், ஊசியால் கீறிய ஒரு சின்ன மீன். பக்கத்தில் மாதமும் வருஷமும்.

பிரித்துக் கட்டிய ஒவ்வொரு கார்புரேட்டரிலும் அவர் அந்த மீனைப் போடுவார். வெளியே தெரியாது. அடுத்து யார் திறக்கிறானோ அவன் கண்ணுக்கு மட்டும். கையெழுத்து அசிங்கமாக இருக்கும் என்பதால்தான் மீன்; மீனும் அப்படி ஒன்றும் அழகில்லை. அதன் பக்கத்தில் இருந்த மாதம் ஃபெர்மின் செத்த மாதம்.

மூடியின் கீழே ஃப்ளோட் தொங்கியது. பெட்ரோல் ஏற ஏறத் தானும் மிதந்து எழுந்து, உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டிய பித்தளைக் குமிழ். அதன் ஓரத்தில் ஓட்டையை அடைத்த ஈயம், ஓர் அவரை விதை அளவுக்கு. அதுவும் அவர் வைத்ததுதான். ஓட்டைக்கு ஒரு துளி போதும். மிச்சத்தை அரத்தால் சீவிவிட வேண்டும், இல்லையென்றால் குமிழ் கனத்து மூழ்கும், வழி அடையாது, பெட்ரோல் பொங்கிச் சூடான எஞ்சின்மேல் வழியும். இதைத் தெரியாதவன் இந்தத் தொழிலில் இல்லை. அன்றைக்கும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. ரேடியோவில் பேஸ்பால், எட்டாவது இன்னிங்ஸ். 'இருக்கட்டும்' என்று மூடிவிட்டார்.

வியா பிளாங்காவில் ஃபெர்மினோடு வண்டி எரிந்தது. செய்தி கேட்டு முதலில் ஓடியவர் ஆர்செனியோ. போலீஸ்காரர் கேட்டபோது, "சுருட்டு. கையில எப்பவும் சுருட்டு இருக்கும்" என்றார். ஃபெர்மினின் மனைவி செனாய்தாவிடமும் அதையே சொன்னார். சுருட்டை ஃபெர்மின் விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. முன்பும் வண்டிக்குள் மட்டும்தான் புகைப்பான், அதனால் விட்டது அவளுக்குத் தெரியாது. 'அவ பொறந்தநாளைக்கு நானே சொல்றேன், நீ வாயத் தொறக்காத' என்று சொல்லி வைத்திருந்தான். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வாக்கை மட்டும் ஆர்செனியோ தவறாமல் காப்பாற்றிவிட்டார்.

ஆனால் இது அதுவாக இருக்க முடியாது.

அந்தக் கார்புரேட்டர் தீயில் மெழுகாக உருகிப்போனது. எஞ்சின்மேல் வழிந்து உறைந்த கட்டியை, யாரும் பார்ப்பதற்குள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தவரே அவர்தான். கொய்யாப் பாகு டப்பாவில் போட்டு, மேசைக்கடியில் தள்ளி வைத்தார். பதினொரு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

குனிந்து டப்பாவை இழுத்தார். துரு பிடித்த மூடி முனகிக்கொண்டு திறந்தது.

காலி. அடியில் மட்டும் ஈரம்.

மின்சாரம் போனது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை, அந்த வாரம் தினமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாலு மணிக்கே வானம் இருண்டு, மழை தெருவின் மறுமுனையிலிருந்து தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு இந்த வீட்டை நோக்கி வந்தது, முன்னறைக்குள் பெட்ரோல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது, சமையலில் கோழி வாட்டும்போது வருமே, மயிர் பொசுங்கும் அந்த வாசனை. மழைச் சத்தத்துக்கு நடுவில், மேசைமேல், மிகச் சின்னதாக ஒரு சத்தம்.

டிக்.

கார்புரேட்டரின் வாயில் காற்று வழியை மூடும் சோக் தகடு திறந்தது. மெதுவாக மூடியது. திறந்தது. அவர் தன் மூச்சை அடக்கினார். அது அடக்கவில்லை.

ஆர்செனியோ வேலை செய்யத் தொடங்கினார். பயந்தால் வேலை செய்வார், வெட்கப்பட்டாலும் வேலை செய்வார். ஊரில் அவருக்கு உழைப்பாளி என்று பெயர் வந்தது இப்படித்தான். மெழுகுவர்த்தியைத் தேடிய கை பெட்ரோல் வாடையை நினைத்துப் பின்வாங்கியது. ஜன்னல் வெளிச்சத்திலேயே செய்தார். பழைய ஃப்ளோட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்தார், ஒட்டுப் போடாதது. மதியம் காய்ச்சி ஃபிளாஸ்கில் வைத்திருந்த வெந்நீரில் அமுக்கிப் பார்த்தார். குமிழி எதுவும் வரவில்லை, ஓட்டை இல்லை. புது நீடில். புது கேஸ்கெட். ஃப்ளோட் நிற்கும் மட்டத்தை மூன்று முறை அளந்தார். பதினொரு வருஷத்துக்கு முன் இதில் பாதி அளந்திருந்தால் போதும்.

"பையன் பொழச்சுப்பான்" என்றார் சத்தமாக. "அது போதும், இல்லையா ஃபெர்மின்?"

டிக்.

போதாதாம்.

ஐந்து மணிக்கு மழை விட்டிருந்தது. செனாய்தா குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். யோவாந்திரி கார்புரேட்டரை வாங்கிக்கொண்டு நேராக வண்டிக்குப் போனான், அவசரம் அவனுக்கு.

"என்ன கொம்பாத்ரே, பெட்ரோல்லயா குளிச்சீங்க?" மகனின் ஞானத்தகப்பனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் குனிந்து பார்த்தார். சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கால்சட்டை முழங்கால்வரை நனைந்து சொட்டியது. எப்போது? காலையிலிருந்து வடித்தது அத்தனையும் இருக்கும்.

"தொழில் அப்படி" என்றார்.

"இவனும் புகைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கான்." வெளியே குனிந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தாள். "அவங்கப்பனும்தான் பண்ணான். என் முகத்தைப் பாத்துப் பண்ணான். பதினோரு வருஷமா அவன் கல்லறைக்கு ஒரு பூ கொண்டு போனதில்ல நான். அந்தச் சுருட்டே கொண்டு வரட்டும்னு விட்டுட்டேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நாளைக்கு இவன் வண்டி எடுக்கறான். ஒருதரம் போயிட்டு வரலாமான்னு இருக்கு. சொல்லுங்க கொம்பாத்ரே, நீங்கதான பாத்தீங்க. நெசமாவே கையில இருந்துச்சா?"

இதோ. கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். நாலு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகம். மகனின் முதுகு. நாளையிலிருந்து அவன் தன்னைப் பாத்ரினோ என்று கூப்பிட மாட்டான்.

"இருந்துச்சு" என்றார் ஆர்செனியோ. "கையிலதான் இருந்துச்சு."

செனாய்தா தலையாட்டினாள். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. ஆறு சிலிண்டரும் தாலாட்டுப்போல் சீராக ஓடின. ஒரு சொட்டு கசியவில்லை. யோவாந்திரி ஓட்டுநர் இருக்கையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவனுக்குப் பின்னால், பின் இருக்கையில், இன்னொருவர்.

முழுக்கைச் சட்டை. கழுத்துவரை பட்டன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்தன. கரி. அந்த உருவம் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டியது.

ஒன்றுமில்லை. வலது கையில் ஒன்றுமில்லை. இடது கையில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு விரல் நீண்டது. ஆர்செனியோவை நோக்கி.

"கொம்பாத்ரே." செனாய்தா திரும்பியிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். "நீங்க எப்பலேருந்து?"

வாழ்நாளில் அவர் புகைத்ததில்லை.

விரல்களுக்கிடையே சூடு. பாதி எரிந்த சுருட்டு. நுனியில் கனல், மூச்சு விடுவதுபோல் மங்கிப் பிரகாசித்தது. அதற்கு நேர் கீழே, சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் விரியவில்லை.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. எல்லாவற்றையும்.

வாயைத் திறந்தார்.

புகை வந்தது.