போட்டோவில் நின்ற மீசைக்காரர்

எங்கள் உத்திராபதி தாத்தாவுக்குக் கிளிஞ்சல்மேட்டில் எதிரி என்று யாரும் கிடையாது. அவருடைய ஒரே எதிரி ஒரு போட்டோவுக்குள் இருந்தார்.

அது உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் போட்டோ. ஒரு பழைய கார் நம்மைப் பார்த்து நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் முன்கதவை ஒட்டி ஆளுக்கொருவர் நிற்கிறார்கள். ஒருவருக்குப் பெரிய மீசை, முகம் பளிச்சென்று தெரியும். இன்னொருவருக்கு முகமே இல்லை. அந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கிப் பழுப்பாகக் கறை பிடித்துவிட்டது.

அந்தக் கறைதான் தாத்தாவின் அப்பா.

அவர் பெயர் முத்தையன். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது ஒரு துரைக்குக் கார் ஓட்டினார். தாத்தா பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்கு வேறு போட்டோவே இல்லை. பிறகு வெகுகாலம் கழித்துத் துரையின் பங்களாவை இடித்தபோது இது கறையோடுதான் கிடைத்ததாம். அங்கே காவலுக்கு இருந்த சுவாமிநாதன் என்பவர், "துரையோட டிரைவரும் குமாஸ்தாவும்" என்று தான் கேள்விப்பட்டதைச் சொல்லித் தாத்தாவிடம் கொடுத்தாராம். அதற்குள் முத்தையனின் முகம் தெரிந்தவர்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

டிரைவர் எந்தப் பக்கம் நிற்பார்? ஸ்டியரிங் இருக்கிற வலது பக்கம்தானே! அந்தப் பக்கம்தான் கறை. அப்படியானால் மீசைக்காரர் குமாஸ்தா. வீட்டில் எல்லோரும் இப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

அன்றிலிருந்து தாத்தாவுக்கும் மீசைக்காரருக்கும் ஆகவில்லை. அமாவாசைதோறும் தாத்தா கடலில் முழுகிவிட்டு வந்து, போட்டோக் கண்ணாடியில் கறைக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அப்போது மீசைக்காரரை ஒரு முறை முறைப்பார்.

"எங்க அப்பா முகத்துலதான் தண்ணி ஊத்தணும். ஒன் மீசை மட்டும் நனையக் கூடாது. அப்படித்தானே?"

எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆனி அமாவாசையன்று வரவில்லை. அன்று தாத்தா கண்ணாடியைத் துடைத்தபடி மெல்லச் சொன்னார்.

"எழுபது தாண்டிட்டேன் வினோ. மேல போயி எங்க அப்பாவ எப்படிக் கண்டுபிடிப்பேன்? அவருக்கும் என்னைத் தெரியாது."

எனக்கு எப்படியாவது அந்த முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அது என்ன கார் என்று தெரிந்தால், அதே காரோடு வேறு போட்டோ எங்காவது இருக்கலாம் இல்லையா?

அப்பாவிடம் கேட்டேன். அம்பாசடர் என்றார். சித்தப்பா பியட் என்றார். இரண்டு பேரும் போட்டோவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நான் பார்த்தேன். காரின் மூக்கில், ஒரு கூரைக்கு மேல் இன்னொரு கூரை போட்டதுபோல ஓர் அடையாளம் இருந்தது. அது அம்பாசடரிலும் இல்லை, பியட்டிலும் இல்லை.

ஒரு நாள் கமர் நிஷா டீச்சர் புதுக் காரில் பள்ளிக்கூடம் வந்தார். எங்கள் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். மற்றவர்கள் காரின் கலரைப் பார்த்தார்கள். நான் மூக்கைப் பார்த்தேன். அதே இரண்டு கூரை! வாயிலிருந்த பழத்தை மெல்லவே மறந்துவிட்டேன்.

சிட்ரோன் என்று டீச்சர் சொன்னார். பிரான்ஸ் நாட்டுக் கம்பெனியாம். நான் போட்டோ கதையைச் சொன்னேன். அன்று மாலையே அம்மா போனில் போட்டோவைப் படம் பிடித்து டீச்சருக்கு அனுப்பினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் அந்தக் கம்பெனியின் பழைய கார்களைத் தேடி, ஒவ்வொன்றாகக் காட்டினார். தவளைக் கண்போல விளக்கு துருத்திக்கொண்டிருந்த ஒரு கார் வந்தது. அதேதான்! டீச்சரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த படத்தில் அந்தக் காரின் உட்புறம் தெரிந்தது. அதில் ஏதோ மாறியிருந்தது.

"டீச்சர், ஸ்டியரிங் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"அந்த நாட்டுக் காருக்கு இடது பக்கம்தான்மா ஸ்டியரிங்."

உடனே எங்கள் போட்டோவைப் பெரிதாக்கச் சொன்னேன், கறை இருக்கும் பக்கம் இல்லை, மீசைக்காரர் பக்கம். அவர் தோளை ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பாதி வட்டம் தெரிந்தது.

ஸ்டியரிங்!

அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் யாருமே தேடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். தாத்தா படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"தாத்தா, இது பிரெஞ்சுக்காரங்க காரு. இதுக்கு ஸ்டியரிங் இடது பக்கம். இங்க பாருங்க."

தாத்தாவின் விரல் அந்தப் பாதி வட்டத்தைத் தொட்டது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து மீசைக்காரரிடம் போய் நின்றது. இன்னொரு கை தானாகவே எழுந்து தன் மீசையைத் தடவியது.

"அப்பா" என்றார்.

தாத்தா யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"இத்தனை வருஷமா உங்களையா திட்டிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே அழுதார். நானும் அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆடி அமாவாசை வந்தது. தாத்தா கடலில் முழுகிவிட்டு வந்து கண்ணாடியைத் துடைத்தார். மீசைக்காரரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கறைப் பக்கம் வந்ததும் கொஞ்சம் யோசித்தார். அங்கேயும் ஒரு பொட்டு வைத்தார்.

"குமாஸ்தா பாவம். நம்ம வீட்டுச் சந்தனத்துக்குப் பழகிட்டாரு. திடீர்னு நிறுத்துனா கோவிச்சுக்குவாரு" என்றார்.

பிறகு போட்டோவை ஆணியில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று மீசைக்காரரையே பார்த்தார்.

"இனிமே கூட்டத்துல நின்னாலும் கண்டுபிடிச்சிருவேன் வினோ" என்றார்.