சுவிட்ச் இல்லாத பெல்

"டமார்!"

ஸ்டோர் ரூம் கதவு அறைந்து சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

எலக்ட்ரீஷியன் கார்குழலி, ஜங்ஷன் பாக்ஸைத் திறந்ததும் உள்ளேயிருந்து கையில் விழுந்ததை மறுபடி பார்த்தாள்.

பாஸ்போர்ட்!

லெத்திசியாவுடையது. பாரிசுக்குப் போய் மூன்று மாசமாச்சு என்று புருஷன் ஆந்தனி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானே, அதே லெத்திசியா!

பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு எப்படிய்யா பாரிஸ் போவாள்?

"சார்! கதவத் தொறங்க!"

"வாசல்ல பெல் சுவிட்ச மாத்துன்னுதானே கூப்ட்டேன்?" வெளியே ஆந்தனி உறுமினான். "ஜங்ஷன் பாக்ஸ யாரு தொறக்கச் சொன்னா?"

"வயரு எங்க போவுதுன்னு பாக்காம எப்டி சார் மாத்துறது?"

"சே! அந்தப் பாஸ்போர்ட்ட அன்னிக்கே கொளுத்தித் தொலைச்சிருக்கணும். சரி, எம்பொண்டாட்டிக்குத் தொணையா இரு. சாயங்காலம் வந்து உன்னையும் அனுப்பி வைக்கிறேன்."

தொணையாவா...?

குனிந்தாள். காலடியில் புதுசாகப் பூசின சிமெண்ட்!

ஐயோ, ஸ்கூல் விட்டு வர்ற தன் பொண்ணுக்கு யார் கதவு திறப்பார்கள்?

போன், டூல் பை ரெண்டையும் பிடுங்கிவிட்டான். ஜன்னல் இல்லை. ரெண்டடிச் சுவர். தொண்டை கிழியக் கத்தினாலும் ஹாலுக்குக்கூடக் கேட்காது.

தலைக்கு மேல் ஜங்ஷன் பாக்ஸ் திறந்து கிடந்தது. வாசல் சுவிட்சுக்குப் போகிற வயர் ஒன்று. அங்கிருந்து பெல்லுக்குத் திரும்புகிற வயர் ஒன்று. டெஸ்ட் பண்ண அவளே டேப்பைப் பிரித்துப் போட்டிருந்தாள். மெயினும் ஆனில்தான் இருந்தது.

உப்புக்காற்றில் துருப்பிடித்த சுவிட்ச், கழற்றின நிலையில் அவள் பாக்கெட்டில்.

சுவிட்ச் என்ன பெரிய சுவிட்ச்! ரெண்டு வயரைத் தொட வைக்கிற சாமான், அவ்வளவுதானே!

மரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒரு வயரில் கரண்ட். விரல் பட்டால் ஆள் காலி!

பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்போர்ட்டை மடித்து, வயரை அதால் பிடித்தாள்.

"லெத்திசியாக்கா... கைவுட்டுடாத."

யார் காதிலாவது விழட்டும்! மூணு மூணு தடவையாகத் தொட வைத்தாள்.

ட்ரிங்! ட்ரிங்! ட்ரிங்!

ஹாலில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள் சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி.

"ஒங்க மச்சினி சூசான் பாரிஸ்லேர்ந்து புகார் அனுப்பியிருக்காங்க. அக்கா அங்க வரவேயில்லயாமே?"

ஆந்தனி பெல்லையே பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"வாசல்ல யாரோ. போய்ப் பாருங்க சார்."

போனான். ஈ காக்கா இல்லை!

ட்ரிங்! ட்ரிங்! ட்ரிங்!

"ரி... ரிப்பேர் பெல்லு மதாம். தானா அடிக்கும்."

"தானாவா? மூணு மூணா எண்ணியா அடிக்கும்?" அவள் எழுந்தாள். "நான் ஏன் கதவத் தட்டிட்டு வந்தேன், தெரியுமா?"

"தெரியல மதாம்..."

"வாசல்ல சுவிட்சே இல்ல. வெறும் ஓட்டதான்! அப்ப பெல்லடிக்கிறது வெளிய இல்ல." அவள் கை பெல்ட்டிலிருந்த துப்பாக்கிக்குப் போனது. "உள்ள யாருய்யா?"

ஆந்தனி ஓடப் பார்த்தான். தெருமுனை ஜீப்பிலிருந்து ஓடி வந்த கான்ஸ்டபிள் எழிலரசன் அமுக்கிப் பிடித்தான்.

ஸ்டோர் ரூம் திறந்தது. கார்குழலி தள்ளாடி வெளியே வந்தாள். பாஸ்போர்ட்டை நீட்டினாள். சிமெண்ட் தரையைக் காட்டி ஓவென்று அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விலங்கு மாட்டின ஆந்தனியின் கையில் அந்தத் துருப்பிடித்த சுவிட்சை வைத்தாள்.

"காலாப்பட்டு ஜெயில்ல பெல்லு நல்லாவே அடிக்கும் சார். அங்க ரிப்பேர்னு என்னைக் கூப்புட்டுடாதீங்க!"