மூன்று சுற்றும் ஒரு தட்டும்

“இன்னும் ஒரே ஒரு தடவை நடந்துடுங்கக்கா. சமையலறையிலேர்ந்து வாசக்கதவு வரைக்கும். சாதாரணமா நடங்க.”

“இதோட ஆறு தடவை நடந்துட்டேன்.”

“உங்களை அதுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல” என்று ஏணியின் உச்சியிலிருந்து சிரித்தான், கம்பெனியிலிருந்து கருவியைப் பொருத்த வந்திருந்த ஃபிட்டர்.

அவள் கணவன் படுக்கையறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். “என்னை ரெண்டு நொடியில போடான்னு அனுப்பிடுச்சு. இவளை மட்டும் உட்கார வச்சு விசாரிக்கணுமாம்.”

அவள் மறுபடி நடந்தாள். வீட்டின் நடுவே ஓடும் குறுகிய இடைவழி அது. ஒரு பக்கம் கதவில்லாத சமையலறை, எதிர்ப்பக்கம் படுக்கையறை, கடைசியில் வாசல். கூரையோடு கூரையாக, சமையலறைக்குள்ளும் நுழைந்து திரும்பும் ஒரு தண்டவாளத்தை அன்று காலைதான் பதித்திருந்தார்கள். அதிலிருந்து ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கியது கொக்கு. கம்பெனி வைத்த பெயர் ஏதோ நீளமான எண். நீண்ட கழுத்தையும், அதன் நுனியில் ஒரேயொரு கண்ணாடிக் கண்ணையும், கண்ணுக்குக் கீழே அலகு போல நீண்ட துப்பாக்கிக் குழலையும் பார்த்துத் தெருவே வைத்த பெயர்தான் கொக்கு.

எட்டு வயது மகள் நொண்டியடித்துக்கொண்டு பாதி தூரம் வருவதற்குள் கண்ணுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. கணவனின் செருப்பு ஒருமுறை வழுக்கியது, பச்சை. அவளுக்கு மட்டும் மஞ்சள். மஞ்சள் எரிந்தபடியே கழுத்து அவள் கூடவே திரும்பியது.

ஏழாவது நடையில் ஏணியில் முழங்காலை இடித்துக்கொண்டு “ஐயோ” என்றாள். பச்சை எரிந்தது.

“பார்த்தீங்களா, இடிச்சுக்கிட்டாத்தான் மனுஷின்னு ஒத்துக்குது!” ஃபிட்டர் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டான். “ரெண்டு நாள்ல பழகிடும். மத்த நேரம் சும்மா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கும். சைரன் அடிச்சாத்தான் சுடும். அப்போ வாசக்கதவு, ஜன்னல் எல்லாம் தானாப் பூட்டிக்கும். இதைக் கழற்ற மட்டும் நினைக்காதீங்க, சீல் வச்சிருக்கு. கழற்றினவங்க பேரையே மெஷின்னு எழுதிடுவாங்க.” பிறகு மகளின் கன்னத்தைத் தட்டினான். “சந்தேகமா இருந்தா ஒரு சிரிப்புச் சிரிச்சுடணும், சரியா? அது ஒண்ணுதான் எந்த மெஷினுக்கும் வராது.”

அவன் போன பிறகு அவள் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து மூட்டின் அடிப்பகுதியில், நகக்குறி அளவுக்கு, அரத்தால் போட்ட ஒரு சின்னக் கீறல். அவளுடைய அடையாளம். அவள் கையால் முடுக்கிய கழுத்து.

போருக்கு முன்னால், அவள் வேலை பார்க்கும் அந்தக் கம்பெனி வெறும் பூட்டுக் கம்பெனி. தகரக் கொட்டகை, இருநூறு ஆட்கள். போரின் முதல் வருடம் எதிரி இயந்திரங்கள் இரும்பு முகத்தோடே வந்ததால் அவற்றைச் சுடுவது எளிதாக இருந்தது. இரண்டாம் வருடம் அவை தோல் போட்டுக்கொண்டு வந்தன. உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இருந்தது, இருமக்கூடத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் நான்கு மாதம் தபால் கொடுத்தது அப்படி ஒன்றுதான் என்று பிறகே தெரிந்தது. ஊரில் துப்பாக்கிகளுக்குப் பஞ்சமில்லை. யாரைச் சுடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பூட்டுக் கம்பெனி முதலாளிக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஆள் ஒரே சாவியை இரண்டு தடவை ஒரே மாதிரி திருப்பவே மாட்டான் என்பது பூட்டுக்காரர்களுக்குப் பழைய சேதி. இயந்திரம் திருப்பும். அந்த ஒரு விஷயத்தை ஒரு கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து, கண்ணைத் துப்பாக்கியின் மேல் வைத்தார். இப்போது கம்பெனியின் மதில் சுவரில் மட்டும் மூன்று பேருந்து நிறுத்தங்கள். பள்ளிக்கூடம் கம்பெனியுடையது. சைரன் கம்பெனியுடையது. வீடுகளின் பூட்டும் அப்படித்தான்.

அவள் வேலை கழுத்துக்குச் சுருள்வில் போடுவது. மூன்று சுற்று, அரைச் சுற்று பின்னால், கட்டைவிரலால் ஒரு தட்டு. தளர்ந்தால் கழுத்து ஆடும், இறுகினால் கிறீச்சிடும். ஒன்பது வருடத்தில் அவள் போட்ட ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கொட்டகை முழுக்க அவளைக் ‘கடிகாரம்’ என்றுதான் கூப்பிட்டது.

போன வருடம் மேலிடத்து ஆட்கள் அவளை மூன்று வாரம் ஒரு வெள்ளை அறைக்கு அழைத்துப்போனார்கள். சுவரெல்லாம் கண்ணாடிக் கண்கள். நடக்கச் சொன்னார்கள், கோப்பையை எடுக்கச் சொன்னார்கள், வைக்கச் சொன்னார்கள். “அப்படியே, இம்மி பிசகாம இன்னொரு தடவை.” அவளுக்குப் பெருமையாக இருந்தது. கடைசி நாள் சிரிக்கச் சொன்னார்கள். முதலில் கூச்சத்தில் சிரிப்பே வரவில்லை. மாலைக்குள் படிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே நீளம், அதே இடத்தில் தெரியும் அதே பல். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது இன்னும் இடைவழியில் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாளில் கொக்கு பழகவில்லை.

அது திரும்பும்போது சத்தமே கேட்காது. அவள் அவ்வளவு நன்றாக முடுக்கியிருந்தாள். அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கும்போது, கொதிக்கும் பாலின் வாசனைக்கு அடியில் மெல்லிய எண்ணெய் வாசனை ஒன்று எழும்பும், சூடேறிய இயந்திர எண்ணெய். பின்னால் தண்டவாளத்தில் அது வந்து நிற்கிறதா அல்லது ஒன்பது வருடமாகக் கழுவக் கழுவப் போகாத தன் கைகளின் வாசனைதானா என்று தெரியாமல், திரும்பிப் பார்க்கவும் மனம் வராமல், சுவரில் விழும் மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்போதுதான் தன் கையைக் கவனிக்க ஆரம்பித்தாள். பாலில் சர்க்கரையைக் கலக்கினால் கரண்டி மூன்று சுற்று சுற்றி, அரைச் சுற்று பின்னால் வந்தது. பிறகு விளிம்பில் ஒரு தட்டு. எண்ணெய் பாட்டிலின் மூடிக்கும் அதுவே. மகளுக்குப் பின்னலைக் கட்டி முடித்ததும் உச்சந்தலையில் ஒரு தட்டு. ஒரு நாள் காலை, அந்தத் தட்டு வருவதற்கு முன்பே மகள் தலையைக் குனிந்தாள். யோசிக்காமல். காலகாலமாகப் பழகியவள் போல.

“பேயைப் பார்க்கிற மாதிரியே அதைப் பார்க்கறே” என்றான் கணவன். “நம்மளைக் காப்பாத்தத்தானே தொங்குது? வேலியே பயிரை மேயுமா?”

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சூப்பர்வைசரின் அறைக்குப் போனாள்.

“சார், எங்க வீட்டுக் கொக்கு என்கிட்ட மட்டும் மஞ்சள்லயே நிக்குது.”

“அடடா, கடிகாரத்துக்கே நேரம் சரியில்லையா?” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“அந்த வெள்ளை ரூம்ல எதுக்குப் படம் எடுத்தாங்கன்னு சொன்னாங்களா?”

“கத்துக்கொடுக்கன்னு சொன்னாங்க. புதுசா வர்றவங்களுக்கு.”

“கத்துக்கொடுக்கத்தாம்மா. கொக்குக்கு.” அவர் மேசையைப் பார்த்துப் பேசினார். “எதிரி எப்படி அசையும்னு அதுக்கு எதையாவது காட்டணுமில்ல? தோல் போட்ட மெஷினை உயிரோட எவன் பிடிச்சுட்டு வருவான்? போனவங்க யாரும் திரும்பலை. அப்புறம்தான் மேல இருக்கறவங்க யோசிச்சாங்க. நம்மகிட்டயே ஒருத்தி இருக்காளேன்னு.”

“என் கையைக் காட்டினாங்களா?”

“கையை மட்டும் இல்லைம்மா.”

“எத்தனை கொக்குக்கு?”

“எல்லாத்துக்கும்.”

வெளியே கொட்டகையின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

“மாத்தச் சொல்லுங்க சார்.”

“எதுக்கு மாத்துவாங்க? குறி தப்பாம சுடுதே.” குரல் இன்னும் தணிந்தது. “சைரன் அடிக்கறப்போ கொக்கு இல்லாத இடமாப் பார்த்து இருந்துக்கோ.”

“அது எங்கே சார் இருக்கு?”

அவர் பார்வை தன்னையறியாமல் கூரைக்குப் போய் வந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. எண்ணெய் வாசனை போதுமாக இருந்தது.

அவள் சொன்னதைக் கேட்டுக் கணவன் கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். ‘தங்கள் வீட்டுக் கருவி குறையின்றி இயங்குவதாகத் தெரிகிறது’ என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவன் கேலி செய்வதை விட்டுவிட்டான். படுக்கையறைக்குள் தண்டவாளம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் கொக்கால் பார்க்க முடியாது. ஆகவே வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் அவள் அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சமையல் அவன் பொறுப்பு. இடைவழியைத் தாண்ட வேண்டிய நேரங்களில் அவள் தன்னைக் கலைத்துக்கொள்ளப் பார்த்தாள். இடது கையால் எல்லாம் செய்தாள். வேண்டுமென்றே நொண்டினாள். மூன்றாம் நாள் கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நொண்டறதுகூட ஒரே மாதிரி நொண்டறே” என்றான். பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

பதினோராம் நாள் காலை. வெயில் இடைவழித் தரையில் பாயைப் போல விரிந்து கிடந்தது. கணவன் மகளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். பால் பொங்கும் வாசனை வந்தது.

“நான் போறேன், நீ இரு” என்றான்.

“நாலு எட்டுதானே. அணைச்சுட்டு வந்துடறேன்.”

போனாள். அடுப்பை அணைத்தாள். சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது, எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. மூடியை எடுத்து வைத்தாள்.

சைரன் அடித்தது.

முதலில் வாசல் பூட்டிக்கொண்டது. பிறகு படுக்கையறை ஜன்னல், பிறகு சமையலறை ஜன்னல். டக், டக், டக் என்று பூட்டுகள் வீட்டைச் சுற்றி வந்து அவளுக்குப் பின்னால் முடிந்தன. சைரன் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகுதான், தன் விரல்கள் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மூன்று சுற்று முடிந்திருந்தது. நிறுத்த நினைத்தாள். அரைச் சுற்று பின்னால் வந்தது.

கட்டைவிரல் மூடியைத் தட்டியது.

எண்ணெய் வாசனை.

திரும்பினாள். கொக்கு சமையலறைக்குள் வந்திருந்தது. இரண்டடி தூரம். மஞ்சள். கண்ணாடிக் கண்ணுக்குள்ளே கட்டைவிரல் அளவுக்கு அவள் முகம்.

படுக்கையறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. “அசையாதே” என்றான் கணவன். உடனே, “இல்லை, அசை! எதையாவது பண்ணு! மாத்தி மாத்திப் பண்ணு!”

அசையாமல் நின்றாள். இயந்திரமும் அப்படித்தான் நிற்கும். கையைத் தூக்கினாள். வெள்ளை அறையில் தூக்கிய கை அது. இறக்கினாள். அதுவும் அங்கே இறக்கியதுதான்.

முழங்காலை மேடையில் ஓங்கி இடித்தாள். “ஐயோ!”

கழுத்து சற்றுச் சாய்ந்தது. மஞ்சள் நடுங்கியது.

இன்னொரு தடவை இடித்தாள். “ஐயோ!”

அதே ஐயோ. அதே நீளம். அவளுக்கே கேட்டது.

மஞ்சளின் ஓரத்தில் சிவப்பு ஊறத் தொடங்கியது. அலகு ஒரு நூல் அளவு கீழே இறங்கி அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது. கிறீச்சிடவில்லை. ஆடவில்லை.

“ஏங்க, பிள்ளையைப் பிடிச்சுக்கோங்க!”

ஆனால் மகள் அப்பாவின் கைக்கு அடியில் நழுவி இடைவழிக்கு வந்துவிட்டாள். கொக்கின் விளக்கு ஒரு கணம் பச்சையாகி அவளைப் பார்த்தது, ஒத்துக்கொண்டது, மறந்தது. மறுபடி அம்மாவிடம் திரும்பியது. சிவப்பு இப்போது பாதிக்கு மேல்.

“அம்மா, அந்த மாமா சொன்னாருல்ல?” குழந்தையின் குரலில் பயம் இல்லை. விடை தெரிந்த கேள்விக்குக் கைதூக்கும் அவசரம்தான் இருந்தது. “சிரிச்சா விட்டுடுமாம்!”

அவள் கன்னத்துக்குள் சிரிப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. தயாராக. அதே நீளம். அதே பல். பின்னாலிருந்து கைதட்டியவரின் சத்தம்கூடக் கேட்டது. வேறொரு சிரிப்பைத் தேடினாள். மகள் முதல் அடி எடுத்து வைத்த அன்று சிரித்தாளே, அது. கல்யாணமான புதிதில் இவன் ஏதோ சொல்லி, புரையேறும்வரை சிரித்தாளே, அது. கிடைக்கவில்லை. எந்த நாளை எடுத்தாலும் அந்த ஒரே சிரிப்புதான் இருந்தது. உதட்டைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். உதடு நடுங்கியது. ஒரே சீராக நடுங்கியது.

சுவரில் பரிசுக் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது.

மகள் கொக்குக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மா, சிரியேன். ஒரே ஒரு தடவை சிரிம்மா.”