சங்கில் ஏந்திய பால்

சங்கு காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்தது போலன்று. நாக்கால் நக்கி எடுத்தது போல, வெள்ளியின் உட்புறம் பளபளத்து உலர்ந்து கிடந்தது. ஜன்னலோரத்தில் ஓர் எறும்புகூட இல்லை.

"பூனை குடிச்சிருக்கும் லா," என்றான் தியாகராஜன், சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே. "பிரிக்பீல்ட்ஸ் பூனை நாசி லெமாக் சோத்தையே விடாது. பாலை விடுமா?"

தெய்வானை சிரிக்க முயன்றாள். கணவன் கிள்ளான் கடைக்குப் புறப்பட்டதும் சங்கை முகர்ந்து பார்த்தாள். அவளுடைய பாலின் மணத்துக்கு அடியில் பிரசவ அறையின் இரும்பு வாடை ஒளிந்திருந்தது.

குழந்தை இறந்தே பிறந்தது. அன்று அவளுடைய இரத்தமும் கட்டில் விளிம்பு வழியே வடிந்து தீர்ந்தது. முகம் தெரியாதவர்களின் இரத்தத்தை ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். பிறகு காய்ச்சல் பிடித்தது. புண் ஆறவில்லை.

"இரத்தம் அவ்வளவு போனதால கிருமிய எதிர்க்கிற சக்தி விழுந்துபோச்சும்மா," என்றார் டாக்டர் கோமதி. "இந்த ஹார்மோன் ஊசி அதைத் தூக்கி நிறுத்தும். புது முறை. ஆனா இது பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். பாலை நிறுத்த மாத்திரை கேட்காதீங்க, அது ஊசிய முறிச்சிடும். ஊசி நின்னா உங்க உடம்பு தாங்காது."

காய்ச்சல் இறங்கியது. பால் பெருகியது.

பத்தியம் சமைக்க வந்த வீரம்மா, அதைச் சுவரில் பீய்ச்சிவிடச் சொல்லியிருந்தாள். "பிள்ள இல்லாத வீட்டுல பாலைச் சங்குல ஏந்தாதம்மா. ஏந்துனா கூப்பிட்ட மாதிரி." ஆனால் கிள்ளானில் ஆசையாய் வாங்கிய சங்கு, ஒரு வாய்கூடப் புகட்டாமலே கிடந்தது. மனம் கேட்கவில்லை. வீரம்மாவின் கண்ணில் படாமல் தெய்வானை அதில்தான் பாலை ஏந்தி வைத்தாள்.

அன்றிரவும் சங்கில் பாலை ஏந்தி, ஜன்னலைப் பூட்டி வைத்தாள். மறுநாளும் சங்கு காலி.

அதைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பாலைச் சுவரில் பீய்ச்சினாள். பகலில் தாதி வந்து இடப்புயத்தில் ஊசி போட்டுப் பஞ்சை ஒட்டிச் சென்றாள். சாயங்காலம் வீரம்மாவும் கிளம்பிவிட்டாள்.

மழை பிடித்தது. தகரக் கூரையின் இரைச்சலுக்கும், நனைந்த சுவரிலிருந்து கிளம்பிய புளித்த பால் வாடைக்கும், ரயில் கடக்கும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடியில் அதிர்ந்து அடங்கும் அந்தி வெளிச்சத்துக்கும் நடுவே, கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு கணவனின் காலடிச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள் தெய்வானை. இன்னொரு ரயில் வந்தது. அதிர்ந்தது. போனது.

அலமாரிக்குள் சங்கு உருண்டது.

உருண்டு, நின்றது.

பிறகு வேறொரு சத்தம். ஈரமான சத்தம். அலமாரியில் அல்ல. சுவரில். மேலிருந்து கீழாக, நக்கிக்கொண்டே இறங்கியது.

கட்டில் லேசாக அழுந்தியது.

விளக்கைப் போட இடக்கையை நீட்டப் பார்த்தாள். கை எழவில்லை. போர்வை விலகியிருந்தது. பஞ்சு தரையில் கிடந்தது. ஊசி குத்திய இடத்தில் தோல் மெல்லக் குழிந்தது. விட்டது. மறுபடியும் குழிந்தது. சுற்றிலும் ஈரம். பல் முளைக்காத ஈறின் வெதுவெதுப்பு.

விரல் நுனிகள் குளிர்ந்தன. பிரசவக் கட்டிலில் குளிர்ந்தது போலவே.

அது மூச்சு வாங்கச் சற்று நிறுத்தியது.

அவளுடைய வலக்கை, அவளைக் கேட்காமலே எழுந்து, புயத்தருகே வெறுமையில் எதையோ தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. மெதுவாக. தூங்க வைப்பது போல.