அத்தை முடிக்காத வாக்கியம்

மானிட்டர் சூடாக இருந்தது.

பின்பக்க வயர்களைப் பார்க்கக் குனிந்தவள், பிடிமானத்துக்காக அதன் தலையில் கை வைத்தபோதுதான் அது தெரிந்தது. இயந்திரத்தின் சூடு போல இல்லை. யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் தங்கியிருக்குமே, அப்படி மிதமான, லேசாக ஈரம் கலந்த சூடு. மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்யும் மழையில் அறையே குளிர்ந்து கிடந்தது. சுவரும் மேசையும் குளிர்ந்திருந்தன; ஜன்னல் கம்பியில் தொங்கிய நீர்த்துளிகூட விழ மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மானிட்டர் மட்டும் சூடு. அதன் பிளக்கோ சுவரில் இல்லை. தரையில் தூசி படிந்து கிடந்தது.

"அண்ணா, இந்த மானிட்டரை யாராவது போட்டாங்களா?"

"அதைப் போட்டு நான் என்ன பண்ண? முகம் பார்த்துத் தலை வாரிக்கவா?"

அண்ணனுக்குப் பார்வை போய்ப் பல வருஷமாகிறது. அவன் கம்ப்யூட்டரில் திரைக்கு வேலையே கிடையாது. திரையில் வருவதையெல்லாம் ஒரு பெண் குரல் வாசித்துச் சொல்லும். ஊர்க்கதை ஒன்று விடாமல் ஒப்பிக்கிறாள் என்பதால் அந்தக் குரலுக்கு 'அத்தை' என்று பேர் வைத்திருந்தான். மானிட்டருக்கு மேலே ஒரு சின்ன கேமராவும் உண்டு. மாத்திரை அட்டையை அதன் முன்னால் பிடித்தால் அத்தை பேரைச் சொல்லுவாள். அறைக்குள் ஆள் வந்தால் யார், எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சொல்லுவாள். தனியாக இருக்கிற மனுஷனுக்கு அது ஒரு காவல். தங்கையான அவளே வாங்கிவந்து மாட்டிக்கொடுத்தது.

அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். அண்ணனுக்கு ஒரு மருத்துவமனையின் வேலை. டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டு டைப் செய்து கொடுக்கவேண்டும். காலடியில் ஒரு மிதி; மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அந்த மிதியின்மேல்தான் அவன் வாழ்க்கை நின்றது. கொஞ்ச நாளாக, வேலை நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகிறது. டைப் செய்தது பாதியில் போகிறது. இன்று சாயங்காலத்துக்குள் பாக்கி ரிப்போர்ட் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மருத்துவமனையில் தன்மையாகவே சொல்லிவிட்டார்கள். வேலை போனால் பெரியண்ணன் வந்து இவனைப் பார்வையற்றோர் விடுதியில் சேர்த்துவிடுவார். பெரியண்ணன் கெட்டவர் இல்லை. அக்கறையை அதட்டலாக மட்டுமே காட்டத் தெரிந்தவர். இடம்கூடப் பேசி வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா என்ன சொல்றாங்க? நோயாளி பொழைப்பாரா?" அண்ணன் கம்ப்யூட்டரைத் தட்டிக் கேட்டான்.

"சும்மா இரு. எப்ப எப்ப ஆஃப் ஆகுது, அதைச் சொல்லு."

"அத்தை பேச ஆரம்பிக்கும்போது. நான் எதுவுமே கேட்டிருக்க மாட்டேன். அவளா, 'அறையில்'னு ஆரம்பிப்பா. அவ்வளவுதான், டப்புனு செத்துப்போகும். எப்பவும் அதே இடம். வைரஸ்தான் குட்டி, சந்தேகமே வேண்டாம்."

"அறையில் என்ன?"

"முடிச்சாத்தானே தெரியும்."

அவள் மானிட்டரின் பிளக்கைச் செருகி, திரையைப் போட்டு, உட்கார்ந்தாள். போன வாரமே உள்ளே தூசி தட்டி, மெமரியையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம் வைரஸ்தான். கடையிலிருந்து கொண்டுவந்த பென் டிரைவைச் செருகித் தேட விட்டாள். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. மழை சன்ஷேடில் தாளம் மாறாமல் அடித்தது. எங்கோ கீழே ஒரு கதவு காற்றில் முனகியது. அண்ணன் பக்கத்து நாற்காலியில் அவள் வாங்கிவந்த பன்னைப் பிட்டுப் பெரிய பாதியை அவளுக்கென்று தனியே எடுத்துவைத்தான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அது பழக்கம். பார்வை போன பிறகும் பெரிய பாதி எது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

பச்சைக் கோடு பாதியைத் தாண்டும்போது அத்தை பேசினாள்.

"அறையில்—"

எல்லாம் அணைந்தது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போகவில்லை. கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. ஜன்னலின் சாம்பல் வெளிச்சம். அவள். பக்கத்தில் பன்னோடு அண்ணன். அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால், உயரமாக, தோள் சரிந்து, மழைக்கோட்டு.

அவள் நனைந்து வந்த மழைக்கோட்டை அண்ணன் அங்கே ஏன் மாட்டினான் என்று திரும்பினாள்.

நாற்காலிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மழைக்கோட்டு வெளியே, படிக்கட்டுக் கைப்பிடியில் சொட்டிக்கொண்டிருப்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது.

"என்ன ஆச்சு? ஏன் மூச்சை இழுத்துப் பிடிக்கிற?"

"ஒண்ணும் இல்ல. கேமராவில ஏதோ கோளாறு. கழட்டிட்டுப் பார்க்கிறேன்."

சொல்லும்போதே குரல் திடமாகிவிட்டது. பயம் வந்தால் கைக்கு வேலை கொடுக்கவேண்டும் என்பது அவள் அனுபவம். கேமராவின் வயரை உருவி, சுற்றி, கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டாள். கண் இல்லாத அத்தை இனி யாரைப் பார்த்துப் பேசப்போகிறாள்?

அண்ணன் ஒரு ரிப்போர்ட் முடித்து அனுப்பினான். அடுத்ததை எடுத்தான். மிதியை மிதிக்கும் ஓசை, விரல்களின் ஓசை. மழைவாசனையோடு வேறு ஒன்றும் அறையில் சேர்ந்திருந்தது. நெடுநாள் திறக்காத அலமாரியின் வாசனை.

"அறையில் மூ—"

அணைந்தது.

இந்த முறை அவள் கறுத்த கண்ணாடியைப் பார்க்கவில்லை. மேசைமேல் பார்வையைப் பதித்துக்கொண்டாள். கேமரா அவள் மடியில், பைக்குள் இருந்தது.

"ஒரு எழுத்து கூடுதலா வந்திருக்கு," என்றான் அண்ணன். "தேறிட்டு வர்றா."

"நாம எங்க வீட்டுக்குப் போயிடலாம்ணா. அங்க வச்சு டைப் பண்ணு."

"இதைத் தூக்கிட்டு மழையில போய், மாட்டி முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். அப்புறம் பெரியவர் பெட்டியோட வந்து நிப்பாரு." மேசை விளிம்பைக் கையால் தடவினான். "குட்டி, இந்த வீட்டுல எனக்கு ஒவ்வொரு சுவரும் தெரியும். விடுதியில பாத்ரூம் போகக்கூட யார் கையையாவது பிடிக்கணும். ஒரு வைரஸுக்கு பயந்து நான் போக மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் இல்லை. கையகல ஜன்னலும் ஒரு கட்டிலும் மட்டுமே வைத்திருக்கிற ஒருவனிடம் வந்து அதையும் பிடுங்குகிற எதன்மேலோ வந்த கோபம். ஆஃப் ஆகிற ஒரு பெட்டிக்குப் பயந்து இவனை அனுப்புவதா? நடக்காது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். வழக்கமான வழியை விட்டு, பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பி, உள்ளே ஒவ்வொரு மூலையாகத் தேடினாள்.

கிடைத்தது.

பேர் இல்லாத ஒரு சின்ன புரோகிராம். யார் போட்டது, எப்போது வந்தது, எதுவும் இல்லை. எதையும் திருடவில்லை. எதையும் கெடுக்கவில்லை. அதற்கு ஒரே ஒரு வேலை. அத்தை தானாக வாய் திறந்தால் கம்ப்யூட்டரை அணைப்பது.

"மாட்டிக்கிட்டான்," என்றாள். சிரிப்புக்கூட வந்தது. "நீ சொன்னது சரி. வைரஸ்தான். விநோதமான வைரஸ்." அதை அழித்தாள். நிஜமாகவே போய்விட்டதா என்று இன்னொரு தரம் பார்த்தாள். போய்விட்டது. "இப்ப டைப் பண்ணு. இனிமே ஆஃப் ஆச்சுன்னா என் தொழிலையே விட்டுடறேன்."

அண்ணன் டைப் செய்தான். ஆஃப் ஆகவில்லை. இரண்டாவது ரிப்போர்ட்டும் போனது. அவள் எழுந்து ஜன்னலருகே நின்று, தனக்கென்று எடுத்துவைத்திருந்த பன்னைக் கடித்தாள். மழை விட்டிருந்தது. எதிர்வீட்டுக் கூரையில் சாயங்கால வெயில் லேசாக விழுந்து பளபளத்தது.

"அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள்," என்றாள் அத்தை.

மாத்திரை அட்டையை வாசிக்கும் அதே குரல். அதே மரியாதை. முதல் தடவையாக வாக்கியம் முடிந்திருந்தது.

"ஓர் ஆண் அமர்ந்திருக்கிறார். ஒரு பெண் ஜன்னலருகே நிற்கிறார். ஒருவர் ஆணின் பின்னால் நிற்கிறார்."

பன் வாயிலேயே நின்றது. அண்ணனின் பின்னால் சுவர்தான் இருந்தது. வெயிலில் தெளிவாக, வெறுமையாக.

அப்போதுதான் புரிந்தது. அவள் அழித்த அந்த புரோகிராம் நோய் இல்லை. யாரோ, எப்போதோ, அவர்களுக்குத் தெரியாமல் செய்துவைத்த உதவி. அத்தை சொல்லாதவரை, அண்ணனின் பின்னால் நிற்பது நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. சொல்லவிடாமல் ஒவ்வொரு தரமும் கதவைச் சாத்திய அந்தக் கையைத்தான் அவள் சற்றுமுன் வெட்டி எறிந்திருந்தாள்.

"அண்ணா, எழுந்திரு. ஆஃப் பண்ணப்போறேன்."

"தொடாதே. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"அண்ணா, உனக்குப் பின்னால—"

"காதுல விழுந்துச்சு." விரல்கள் நிற்கவில்லை. "நான் செவிடு இல்ல."

"அவர் குனிகிறார்," என்றாள் அத்தை. "கைகளை உயர்த்துகிறார். ஆணின் கண்களை மூடுகிறார்."

அண்ணனின் உடம்பு ஒருமுறை உதறியது. கன்னத்தில் மயிர் சிலிர்த்தது. விரல்கள் கீபோர்டின்மேல் அப்படியே நின்றன.

"ஜில்லுன்னு இருக்கு," என்றான் மெதுவாக.

அவள் அசைய முடியாமல் நின்றாள். அலமாரி வாசனை தொண்டைவரை வந்தது.

பிறகு அண்ணன் சிரித்தான். வயிறு குலுங்க, சின்ன வயசில் அவளை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பானே, அப்படி.

"என் கண்ணைப் பொத்தி என்னப்பா பண்ணப் போற? ஏற்கெனவே பொத்தித்தான் இருக்கு. ஆள் தெரியாம வந்துட்ட. இரு, இரு, பொத்திட்டே இரு. எனக்கு வேலை இருக்கு."

மிதியை மிதித்தான். டைப் செய்தான்.

ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனான்.

"கைகளை எடுக்கிறார்," என்றாள். "பெண்ணின் பக்கம் திரும்புகிறார்."

கதவு திறந்திருந்தது. படிக்கட்டு பக்கத்தில்தான். ஓடலாம். ஓடினால் அது பின்னால் வரும்; அல்லது வராது. வராவிட்டால் அவனிடம் திரும்பும். கண்ணைப் பொத்துவது பலிக்காதென்று தெரிந்துகொண்டபின் அவனிடம் வேறு எதைப் பொத்தும்? காதையா? காது போனால் வேலை போகும். வாயையா? மூக்கையா?

அவள் ஓடவில்லை. அண்ணனின் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். உட்கார்ந்தாள்.

"வா," என்றாள்.

வெயில் போனது.

விளக்கணைந்த இருட்டு இல்லை அது. இமைக்கு மேல் இன்னோர் இமை. ஈரமானது. கனமானது. விரல்கள் நெற்றியிலிருந்து கன்ன எலும்புவரை படிந்திருந்தன. நீளம். மனிதக் கைக்கு அத்தனை நீளம் ஆகாது.

"குட்டி? எழுந்து வரட்டுமா?"

"நீ எழுந்திரிக்காதே. டைப் பண்ணு."

"பயமா இருக்கா?"

"இருக்கு. நீ டைப் பண்ணு."

அவன் இடது கை வந்து அவள் முழங்காலை ஒருமுறை அழுத்தியது. கீபோர்டுக்குத் திரும்பிப் போனது. மிதி அமுங்கியது. அந்த ஓசை ஒன்றுதான் அவளுக்கு அறை. அந்த ஓசைதான் சுவர், தரை, ஜன்னல்.

கடவுளே, என்று மனசுக்குள் சொன்னாள். இதை என்னைவிட்டு எடுன்னு கேட்கல. அவன் முடிக்கிறவரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும். அவன்கிட்ட போகாம நான் பிடிச்சுக்கறேன். அதுக்கு மட்டும் தெம்பு கொடு.

கைகளைத் தூக்கினாள். தன் முகத்தின்மேல் இருந்த அந்தக் கைகளின்மேல் வைத்தாள். தோல் வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள்.

அவை நழுவப் பார்த்தன. விடவில்லை. ஒருமுறை வெடுக்கென்று இழுத்தன. நாற்காலியோடு சேர்ந்து நகர்ந்தாள். விடவில்லை.

"ஒரு பெண் அமர்ந்திருக்கிறார்," என்றாள் அத்தை. "அவருக்கு நான்கு கைகள்."

"பார்த்தியா, எண்ணத் தெரியல இவளுக்கு," என்றான் அண்ணன். குரல் நடுங்கியது. விரல்கள் நடுங்கவில்லை.

மிதி. விரல்கள். மிதி. விரல்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் மணிக்கட்டு மரத்தது, தோள் மரத்தது. பிடி மட்டும் தளரவில்லை.

பிறகு ஓசை நின்றது.

"போயிடுச்சு," என்றான் அண்ணன். "கடைசி ரிப்போர்ட்டும் போயிடுச்சு குட்டி. வந்து சேர்ந்துச்சுன்னு பதிலும் வந்தாச்சு. பெரியவர் பெட்டியைக் காலியா எடுத்துட்டுப் போகட்டும்."

அவள் மூச்சை விட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜெயித்துவிட்டோம்.

"என் அண்ணன் வேலை முடிஞ்சது," என்றாள் அந்த இருட்டிடம். "நான் விட்டுட்டேன். நீயும் விடு."

விரல்களைப் பிரித்தாள்.

அந்தக் கைகள் அசையவில்லை. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், அவள் பிரித்த விரல்களின் இடைவெளியில் அந்த நீண்ட விரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்து, கோத்துக்கொண்டன.